வெயில் ஊரில் மீன்தொட்டி: எந்தச் செடியை வாங்குவது?

மீன்தொட்டிக்கு நிஜச் செடி வேண்டும் என்று கேட்டால் கடையில் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது அனுபியாஸ்தான். "இது சாகவே சாகாது சார், வெளிச்சம்கூட அதிகம் வேண்டாம்" என்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனாலும் புதுத் தொட்டிக்கு முதல் செடியாக அதை வாங்க நான் சொல்லமாட்டேன். ஒரு நல்ல அனுபியாஸ் விலைக்கு இரண்டு மூன்று கட்டு வாலிஸ்நேரியாவோ ஹைக்ரோபிலாவோ கிடைக்கும். தொடங்கும்போது அவைதான் வேண்டும். அனுபியாஸ் பிறகு வரட்டும்.

எந்தத் தொட்டியை மனதில் வைத்துச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம் பிடிக்கும். மணல், கல் எல்லாம் போக 45 லிட்டர் நிற்கும். மேலே ஓர் எல்இடி விளக்கு, உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் பில்டர். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது. ஊர் சென்னை, மதுரை, திருச்சி மாதிரி ஏதாவது ஒரு சமவெளி ஊர். ஏசி இல்லாத அறையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். ஊற்றுவது போர் தண்ணீர். பக்கெட்டின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, அந்தக் கடினத் தண்ணீர். நம் பக்கத்து வீட்டுத் தொட்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். இணையத்தில் நாம் வாய்பிளந்து பார்க்கும் பச்சைக் கம்பளத் தொட்டிகள் வேறு ரகம். அவற்றில் மென்தண்ணீர், 24 டிகிரி, சிலிண்டர், வாரா வாரம் கத்தரிக்கோலோடு உட்கார ஓர் ஆள் என்று எல்லாம் உண்டு. அந்தப் படத்தைக் காட்டிச் செடி வாங்கினால் பணம்தான் போகும்.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கவேண்டியது மூன்று: சூடு, தண்ணீரின் கடினத்தன்மை, கரியமில வாயு. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காற்றில் பரவுவதைவிட நீரில் கரியமில வாயு ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். அதனால் நிலத்துச் செடிக்கு இல்லாத ஒரு பஞ்சம் நீர்ச்செடிக்கு எப்போதும் உண்டு. சிலிண்டர் வைப்பவர்கள் அந்தப் பஞ்சத்தைக் காசு கொடுத்துத் தீர்க்கிறார்கள். வைக்காதவர்கள், பஞ்சத்தைச் சமாளிக்கத் தெரிந்த செடியாகப் பார்த்து எடுக்கவேண்டும். சில செடிகள் நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டை உடைத்து அதிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் மூன்றுக்கும் அந்த வித்தை தெரியும். பைகார்பனேட் எங்கே அதிகம்? நாம் திட்டிக்கொண்டே ஊற்றும் அந்தக் கடினத் தண்ணீரில்தான். மோஸ் வகைகளுக்கு இது தெரியாது. கரைந்த வாயு மட்டுமே அவற்றுக்குச் சாப்பாடு.

சூட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3தான். சூடு ஏற ஏறச் செடி, மீன், பாக்டீரியா எல்லாமே வேகமாகச் சுவாசிக்கும். பகலில் ஆக்ஸிஜன் தரும் செடிகளும் விளக்கை அணைத்ததும் வாங்க ஆரம்பித்துவிடும். செடி அடர்ந்த தொட்டியில் கோடைக்காலத்து விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் காரணம் இதுதான். செடி இருக்கிறதே என்று ஏர் பம்பை நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக இரவில் ஓடவேண்டும்.

வேகமா, மெதுவா?

புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீரில் உரம் மிதமிஞ்சிக் கிடக்கும், மேலே விளக்கும் எரியும். அந்த உரத்தை யாராவது சாப்பிட்டே தீருவார்கள். வேகமாக வளரும் செடி இருந்தால் அது சாப்பிடும். இல்லையென்றால் பாசி சாப்பிடும். அனுபியாஸ் ஒரு புது இலை விடவே சில வாரங்கள் எடுக்கும். அதற்கு உரமும் வேண்டாம், அவசரமும் இல்லை. வேண்டியதெல்லாம் பாசிக்குத்தான், அது வந்து உட்காரும் இடம் அனுபியாஸின் அகன்ற, தடித்த, மாதக்கணக்கில் உதிராத இலை. மூன்றாவது மாதம் தொட்டியைப் பார்த்தால் செடி சாகவில்லை என்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் இலை விளிம்பெல்லாம் கறுப்புத் தாடி முளைத்திருக்கும். அந்தக் கறுப்புப் பாசி விரலால் தேய்த்தாலும் போகாது.

ஆகவே அனுபியாஸா வாலிஸ்நேரியாவா என்ற கேள்வி அழகைப் பற்றியதே அல்ல. வளர்ந்த தொட்டிக்கு ஒரு செடி, வளரும் தொட்டிக்கு ஒரு செடி, அவ்வளவுதான்.

வாலிஸ்நேரியா

கடையில் "வாலிஸ்" என்றால் போதும். புல் போல நீண்ட நாடா இலைகள், பின்பக்கம் வரிசையாக நட்டால் திரை போல எழும்பி நீர்மட்டத்தில் படுக்கும். வெறும் மணலே போதும், சிறப்பு மண் தேவையில்லை. இரண்டு அங்குல ஆழத்துக்குக் கழுவிய மணல் இருந்தால் சரி. (எம்-சாண்ட் மட்டும் வேண்டாம், அதன் தூசியைக் கழுவிக் கழுவி மாளாது, விளிம்பும் கூர்மை.) நடும்போது ஒரே ஒரு கவனம்: வேரும் இலையும் சேரும் வெள்ளை முடிச்சு மணலுக்கு மேலே தெரியவேண்டும். அது புதைந்தால் அழுகிவிடும். ஆழமாகச் செருகிவிட்டு வேர் மறைந்ததும் மெல்ல மேலே இழுத்து விட்டால் முடிச்சு சரியான இடத்தில் நிற்கும்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்காது. பழைய இலைகள் சில கரைந்து போகவும் செய்யும். பிறகு தாய்ச்செடியிலிருந்து மணலை ஒட்டி ஓர் ஓடுதண்டு கிளம்பும், அதன் நுனியில் குட்டி, அந்தக் குட்டியிலிருந்து இன்னோர் ஓடுதண்டு. அதற்குப் பிறகு செடி வாங்கவேண்டிய வேலையே இல்லை, பிடுங்குவதுதான் வேலை. கடினத் தண்ணீரில் நன்றாக வளரும் வாலிஸ் இலையை விரலால் அடியிலிருந்து நுனி வரை தடவிப் பாருங்கள், மெல்லிய சொரசொரப்பு தட்டும். பைகார்பனேட்டை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் சுண்ணாம்பு இலைமேலேயே படிவதால் வருவது அது. நோய் இல்லை, செடி நன்றாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

இந்தச் செடிக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. 1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தண்ணீரை அடிக்கடி மாற்றாமலே மீன் வாழமுடியும் என்று காட்டினார். அவர் தொட்டியில் இருந்தது தங்கமீன், வாலிஸ்நேரியா, அப்புறம் அழுகிய இலையைத் தின்னக் குளத்து நத்தை. இன்றைக்கும் புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தக் கூட்டணியில் பெரிதாக மாற்ற ஒன்றுமில்லை, தங்கமீனைத் தவிர. தங்கமீனுக்கு இரண்டடித் தொட்டி பற்றாது.

வாலிஸின் பலவீனங்கள் இரண்டு. நீளமாகிவிட்டதே என்று இலையைக் குறுக்கே வெட்டினால் வெட்டிய விளிம்பு பழுப்பாகிக் கீழே இறங்கும். இலையை அடியோடு கிள்ளுவதே நல்லது. இரண்டாவது, பாசியைக் கொல்ல என்று "திரவ கார்பன்" பெயரில் விற்கும் குளூட்டரால்டிஹைடு மருந்து. மற்ற செடிகள் தாங்கும் அளவிலேயே வாலிஸ் கரைந்து கூழாகிவிடும். அந்த பாட்டிலைப் பயன்படுத்துவதாக இருந்தால் வாலிஸை மறந்துவிடுங்கள்.

தண்டுச் செடிகள்

வாலிஸுக்கு அடுத்து நான் கைகாட்டுவது ஹைக்ரோபிலா. இரண்டு வகை எளிதாகக் கிடைக்கும். ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மா நேரான தண்டு, நீள்வட்ட இலை. ஹைக்ரோபிலா டிஃபார்மிஸ் கொத்துமல்லி போலக் கிழிந்த இலை. கடைக்காரர்கள் "விஸ்டீரியா" என்பார்கள். இரண்டுமே இந்தியத் துணைக்கண்டத்துச் செடிகள், நம் சூடு அவற்றுக்குப் புதிதல்ல. பாலிஸ்பெர்மா எவ்வளவு வேகமானது என்றால், அமெரிக்காவில் அது மத்திய அரசே தடைசெய்த களைப் பட்டியலில் இருக்கிறது. இங்கே பிறந்தது, அங்கே போய்க் கால்வாய்களை அடைத்துக்கொண்டது.

நடுவதும் சுலபம். நான்கு விரல் நீளத் துண்டு, அடியில் இரண்டு கணு இலையைக் கிள்ளி, மணலில் செருகு. அவ்வளவே. கட்டாகக் கட்டி ஈயப்பட்டை சுற்றித் தந்தால் பிரித்து ஒவ்வொன்றாக நடவேண்டும். கட்டோடு நட்டால் உள்ளே இருக்கும் தண்டு வெளிச்சமில்லாமல் அழுகும். உச்சியை வெட்டிப் பக்கத்தில் நட்டால் அது ஒரு செடி, வெட்டிய அடியில் இரண்டு கிளை. வெட்டியதும் விளக்கு எரியும் நேரத்தில் பாருங்கள், வெட்டுவாயிலிருந்து ஊசிமுனையளவு குமிழிகள் ஒரே கோடாக மேலே போகும்.

ஹைக்ரோபிலாவிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று, அது எதையும் மறைக்காது. பழைய இலைகளில் குண்டூசி ஓட்டைகள் விழுந்தால் பொட்டாசியம் போதவில்லை. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு போதவில்லை. கடினத் தண்ணீரில் இரும்பு செடிக்குக் கிடைக்காத வடிவத்துக்குப் போய்விடுவதால் இது நம் ஊரில் அடிக்கடி வரும். மீன் கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளம், பொட்டாசியமும் இரும்பும்தான் குறையும். வாரம் ஒருமுறை திரவ உரம் கொஞ்சம் போட்டால் அடுத்த இலையிலேயே தெரியும்.

குறை என்றால் கத்தரிக்கவேண்டும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் நீர்மட்டத்தில் கூரை போட்டிருக்கும். கத்தரிக்கோல் எடுக்கச் சோம்பல் என்றால் இது உங்களுக்கு இல்லை.

நீர்ப்பிரம்மி என்ற பக்கோபா மொன்னியேரியும் தண்டுச் செடிதான். நம் வயல் வரப்பில் படர்கிற அதே செடி தொட்டிக்குள்ளும் நிமிர்ந்து வளரும், சூட்டையும் கடினத் தண்ணீரையும் தாங்கும். வளர்ச்சி நிதானம் என்பதால் பாசிக்கு எதிரான போரில் பெரிய உதவி இல்லை. வரப்பிலிருந்து பிடுங்கி வந்தால் பூச்சிமருந்து பட்டிருக்கலாம், இறாலும் மீனும் தாங்காது. கடையிலேயே வாங்குங்கள்.

சிவப்புச் செடிகள், முன்பக்கக் கம்பளம் போடும் குட்டைப் புல்கள் பற்றி ஒரே வரி: சிலிண்டரும் பலத்த விளக்கும் இல்லாமல் வேண்டாம். ரொட்டாலா பிழைக்கும், ஆனால் சிவக்காது. பச்சையாகவே நீண்டு போகும். கம்பளம் வேண்டியே ஆகவேண்டும் என்பவர்கள் நம் ஆரைக்கீரை இனத்து மார்சிலியாவைப் பார்க்கலாம், பொறுமை அதிகம் வேண்டும்.

நடவே வேண்டாத செடிகள்

மணல் போடாத தொட்டி, அல்லது குட்டிமீன் வளர்க்கும் தொட்டி என்றால் மிதப்பவற்றுக்குப் போகலாம். இங்கே போட்டி ஹார்ன்வோர்ட், ஹைட்ரில்லா, மேலே மிதக்கும் பிஸ்டியா, சால்வினியா, டக்வீட் ஆகியவற்றுக்குள்.

பள்ளியில் தலைகீழ்ப் புனலுக்குள் வைத்து ஆக்ஸிஜன் குமிழி காட்டுவார்களே, அந்த ஹைட்ரில்லா. காசே கேட்காத செடி, ஏரியிலும் கால்வாயிலும் கிடக்கும். ஆனால் அங்கிருந்து எடுத்தால் கூடவே நத்தை முட்டை, தும்பிப் புழு, அட்டை எல்லாம் வரும். தும்பிப் புழு கப்பிக் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது, அப்படியே போட்டுவிட்டால் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொண்டு வளரும். பிரச்சினை, சூழல் மாறும்போது ஊசியிலைகளை மொத்தமாக உதிர்த்து பில்டர் வாயை அடைக்கும். இரண்டில் ஒன்று என்றால் ஹார்ன்வோர்ட், ஏனென்றால் கடைகளில் சுத்தமாகக் கிடைக்கிறது, கப்பி, மோலி குஞ்சுகள் ஒளிய இதைவிட நல்ல இடம் இல்லை.

மேலே மிதப்பவைக்குக் கரியமில வாயுப் பஞ்சமே கிடையாது, இலை காற்றில் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும்விட வேகம். கீழே நட்ட செடிக்கு வெளிச்சத்தை மறைப்பதும் அதே வேகம்தான். பிஸ்டியா, சால்வினியா இரண்டில் ஏதாவது ஒன்றை வைத்து, நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் போகாமல் வாரம் ஒரு கைப்பிடி அள்ளிவிட்டால் நன்றாகவே உதவும். டக்வீட் மட்டும் வேண்டாம் என்பேன். ஒரே ஒரு பச்சைப் புள்ளி போதும், அப்புறம் அந்தத் தொட்டியில் அது இல்லாத நாளே இருக்காது.

இதே காற்று வித்தையை இன்னும் சுலபமாகச் செய்வது மணிபிளான்ட். ஒரு கொடித்துண்டின் வேர்ப்பகுதி மட்டும் நீரில், இலை முழுக்க வெளியே. நைட்ரேட்டைக் குடித்துக் கொடி வளரும். இலையையும் தண்டையும் உள்ளே விடாதீர்கள், அழுகும். அதன் இலையும் தண்டும் கடித்தால் எரிச்சல் தரும் வகை. பிளவர்ஹார்ன், ஆஸ்கர் மாதிரி எதை நட்டாலும் நோண்டி எறிகிற மீன் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே செடி இதுதான்.

அனுபியாஸா, ஜாவா ஃபெர்னா?

தொட்டி மூன்று நான்கு மாதம் ஓடி, பாசி அடங்கி, இப்போது மரக்கட்டையில் ஏதாவது கட்டலாம் என்ற இடத்துக்கு வந்தவர்களுக்கான கேள்வி இது. இரண்டையும் மணலில் நடக்கூடாது. கிடையாக ஓடும் தடித்த தண்டு புதைந்தால் அழுகும். நூலாலோ சூப்பர் குளூ ஜெல்லாலோ கட்டையில் ஒட்டிவிட வேண்டியதுதான்.

சமவெளி ஊர் என்றால் தயங்காமல் அனுபியாஸ். அது மேற்கு, மத்திய ஆப்பிரிக்க ஓடைக்கரைச் செடி. சின்னத் தொட்டிக்கு "நானா" வகை எடுங்கள். நேரே விளக்கடியில் வைக்காமல், கட்டையின் நிழலிலோ வாலிஸ் இலை மேலே படுத்து மறைக்கும் இடத்திலோ வைத்தால் பாசி அவ்வளவாகத் தொடாது. வாலிஸை முதலில் வளர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியச் செடி. 28 டிகிரி வரை அருமையாக இருக்கும், அதற்கு மேலே மாதக்கணக்கில் போனால் இலை பழுப்புத் திட்டுத் திட்டாகிக் கண்ணாடி போல வெளிறும். கொடைக்கானல், ஊட்டிக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை, அவர்கள் அனுபியாஸைவிட இதையே எடுக்கலாம். விலையும் குறைவு, இலை நுனியிலேயே குட்டி போட்டுப் பெருகும். இலையின் அடிப்பக்கம் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பதறிப்போய் மருந்து போடாதீர்கள், அவை வித்துப்பைகள். ஜாவா மோஸுக்கும் இதே நியாயம்தான், குளிர்ந்தால் பச்சைப்பசேல், வெயிலில் பழுப்பு.

இரண்டுக்கும் பொதுவான பலம், தங்கமீன் கடிக்காது. ஹைட்ரில்லா, டக்வீட், ஹைக்ரோபிலா எல்லாம் தங்கமீனுக்குக் கீரை. பெரிய தொட்டியில் தங்கமீன் வளர்ப்பவருக்கு மட்டும் நான் மேலே சொன்ன வரிசை தலைகீழ். நேரே அனுபியாஸிலேயே தொடங்கலாம், பாசியைச் சமாளிக்க மணிபிளான்ட் வேர்.

வேரால் சாப்பிடுபவை

நடுப்பகுதிக்கு ஒரு புதர் வேண்டும் என்றால் கடையில் இரண்டு காட்டுவார்கள்: அமேசான் ஸ்வார்டு, கிரிப்ட். தென்னமெரிக்க ஸ்வார்டு கடையில் சின்னதாக, அழகாக இருக்கும். நன்றாகப் பிடித்துக்கொண்டால் ஒன்றரை அடிக்கு எழும்பும், ஓரடி உயரத் தொட்டியில் அதற்கு இடமில்லை. மணலுக்கடியில் வேர் உர மாத்திரையும் விடாமல் வைக்கவேண்டும், இல்லையென்றால் மஞ்சள் பூக்கும். ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் தொட்டி இருப்பவர்கள் மட்டும் யோசியுங்கள்.

நம் தொட்டிக்குச் சரியான அளவு கிரிப்டோகரைன் வெண்டியை. இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி இது. அதன் உறவுகளான ரெட்ரோஸ்பைராலிஸ், ஸ்பைராலிஸ் இரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலேயே உண்டு. குறைந்த வெளிச்சம் போதும், பச்சை, பழுப்பு என்று நிறங்களும் உண்டு, சூட்டையும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் இடம் மாறினால் கோபம் வரும். நட்ட முதல் வாரத்திலேயே இலை எல்லாம் சளி போலக் கரைந்து வெறும் அடி மட்டும் நிற்கும். பலர் அந்தக் கட்டத்தில் பிடுங்கி எறிந்துவிட்டு "எனக்குச் செடி ராசி இல்லை" என்கிறார்கள். கரைந்த இலையைக் கிள்ளிவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் நடுவிலிருந்து சுருட்டிய புது இலை வரும், அந்த இலை உங்கள் தண்ணீருக்கென்றே பிறந்தது, லேசில் கரையாது. நட்ட இடத்தை மாற்றாமல் இருந்தால் போதும்.

வாங்கும் நேரத்தில்

சென்னைக்காரர்களுக்கு மீன்தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர் இருக்கிறது, வேண்டிய செடி எல்லாம் ஒரே தெருவில் பார்த்துவிடலாம். எங்கே வாங்கினாலும் ஒரு கூட்டத்தைத் தவிர்க்கவேண்டும்: நீர்ச்செடியே அல்லாதவை. லக்கி பாம்பூ, சிங்கோனியம், ஊதாநிற ஹெமிகிராபிஸ், வெள்ளைக்கோடு போட்ட குட்டை மாண்டோ புல் எல்லாம் தண்ணீருக்குள் நிறுத்தி விற்கப்படுகின்றன. ஒரு மாதம், இரண்டு மாதம் விறைப்பாக நிற்கும், அப்புறம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். அடையாளம் சுலபம். நீரிலிருந்து தூக்கினால் நீர்ச்செடி பொதுவாகத் துவண்டு தொங்கும். நிலத்துச் செடி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். அனுபியாஸும், பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்த்த சில நிஜ நீர்ச்செடிகளும் இதற்கு விதிவிலக்கு, அவற்றைப் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படி வெளியே வளர்த்த செடியின் பழைய இலை தொட்டியில் போய்விடும். புது இலை வேறு வடிவத்தில் வரும், ஏமாற்றிவிட்டதாக நினைக்கவேண்டாம்.

நத்தைக்குப் பயந்தால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்து அதில் பத்து நிமிடம் முக்கி, நன்றாக அலசிவிட்டுப் போடலாம். டிஷ்யூ கல்ச்சர் முறையில் ஆய்வகத்திலேயே வளர்த்து டப்பாவில் வருபவை விலை கூடுதல் என்றாலும் நத்தை, பாசி இரண்டும் இருக்காது. கிரிப்டுக்கு அந்த விலை கொடுக்கலாம், ஹைக்ரோபிலாவுக்கு வேண்டாம்.

என்னிடம் ஒரே நடையில் வாங்கப் பட்டியல் கேட்டால் இப்படி எழுதித் தருவேன்: பின்வரிசைக்கு வாலிஸ் பத்துப் பன்னிரண்டு செடி, ஓரத்து மூலைக்கு ஹைக்ரோபிலா இரண்டு கட்டு, நடுவில் கிரிப்ட் மூன்று, மேலே ஒரு கைப்பிடி சால்வினியா. எல்லாவற்றையும் முதல் நாளே நடவேண்டும்; இரண்டு செடி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம் என்றால் அந்த இடைவெளியில் பாசி வந்து உட்கார்ந்துகொள்ளும். விளக்குக்கு ஒரு டைமர், முதல் மாதம் ஆறு மணி நேரம், பிறகு எட்டு. ஜன்னல் வெயில் நேரே விழும் இடம் வேண்டாம், தண்ணீரே பச்சையாகிவிடும். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் கல்லுப்பைத் தொட்டியில் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. செடித் தொட்டியில் அது வேண்டாம், அந்த மீனை மட்டும் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். செடிகள் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் ஆனதும் ஹைக்ரோபிலாவில் ஒரு கட்டைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் மரக்கட்டையோடு அனுபியாஸ் வரலாம்.

கத்தரித்ததை எங்கே போடுவது என்பதையும் வாங்கும்போதே யோசித்துவிடுங்கள், ஏனென்றால் வேகமான செடி என்றால் வாரா வாரம் ஒரு கிண்ணம் மிஞ்சும். ஏரி, குளம், சாக்கடை மூன்றும் கூடாது. 2020-ல் கோழிக்கோடு அருகே ஆவளப் பாண்டியில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து, கூட்டம் கூட்டமாக மக்கள் படம் எடுக்கப் போனார்களே, அந்தப் பூ கபோம்பா ஃபர்கேட்டா. தென்னமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிக்காக உலகெங்கும் போன செடி. தண்ணீரை அடைத்து உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் களை அது. கிள்ளியதை மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து ரோஜாத் தொட்டியில் போடுங்கள், நல்ல உரம். இல்லையென்றால் ஈரத் துணியில் சுற்றி, புதிதாகத் தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடலாம். அவர்கள் அனுபியாஸ் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால்.